பாதிவிலையார் எழுதிய குறைப்பட்டியல்

யாரோ அந்த டீச்சரம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனதல்ல இது. உட்காரவைத்து, பாடம் நடத்தி, திரும்ப ஒப்பிக்கச் சொல்லிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் எழுபது வயதில், நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி, பாதிவிலையாரை இப்படிக் குப்புறத் தள்ளியிருக்க முடியுமா? பாதிவிலையாரை! அந்த ஆள் ஆணோ பெண்ணோ, மாடியில் இருக்கிறதோ தெருவில் திரிகிறதோ, கையில் மட்டும் கிடைக்கட்டும்.

பாதிவிலையார் என்பது அப்பா அம்மா வைத்த பெயரல்ல, சந்தை வைத்தது. பழைய தண்ணீர் மோட்டார்களை வாங்கி, பிரித்து, கழுவி, புதுக் கம்பி சுற்றி விற்பது தொழில். ஒரு பட்டறையில் மண்ணெண்ணெயில் நட்டு கழுவத் தொடங்கி, அடி, உதை, ஏமாற்றம், மோட்டார் ஷாக் எல்லாவற்றிலும் பட்டம் வாங்கி, சொந்தக் கடை போட்டவர். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. அனுபவத்தில் அவருக்கு மேலே வகுப்பே கிடையாது.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன்னால் அதைத் திட்ட வேண்டும். லேசாகப் பிடித்திருந்தால் லேசாகத் திட்ட வேண்டும். ரொம்பப் பிடித்திருந்தால், அதைச் செய்தவன் காதில் விழுந்தால் அழுகிற மாதிரி திட்ட வேண்டும். ஒரு மோட்டாரைப் பார்த்து, "இதைக் கிணத்துல போட்டா கிணறே கெட்டுப்போயிடும்" என்று அவர் சொல்லிவிட்டால், அந்த மோட்டார் மாலைக்குள் அவர் கடையில் இருக்கும். பாதி விலையில்.

தொழிலில் பழகியது வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவியின் சமையலை இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் பாராட்டியதில்லை. "இதை மனுஷன் சாப்பிடுவானா?" என்று கேட்டுக்கொண்டே மூன்றாம் முறை தட்டை நீட்டுவார். அவளும் மூன்றாம் முறை போட்டுவிட்டு, "இன்னிக்கு நல்லா வந்திருக்கு போல" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

அவள் ஒரு நோட்டரி வக்கீலின் அலுவலகத்தில் டைப் அடிப்பவள். வாடகை ஒப்பந்தம், விற்பனை ஒப்பந்தம், பாகப்பிரிவினை என்று நாள் முழுக்க ஊரார் சொல்வதை அடித்துக் கொடுக்கிற வேலை. பேசுவது குறைவு. கணவர் பேரம் பேசும் இடத்தில் அவள் வாயைத் திறக்கக் கூடாது, முகத்தில் சந்தோஷம் காட்டக் கூடாது என்பது குடும்ப விதி. அதை அவள் மீறியதே இல்லை.

குடியிருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள், இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று கடிதம் வந்த அன்று, பாதிவிலையார் கூடத்தின் நடுவில் நின்று பிரகடனம் செய்தார்.

"இனிமே நம்ம வீட்டுக்குன்னு ஒரு சாமான் வாங்கப் போறதில்ல!"

"இதுவரைக்கும் மட்டும் வாங்கினோமாக்கும்?" என்றாள் மனைவி.

"குறுக்கே பேசாதே. எல்லாச் சாமானும் உள்ளேயே இருக்கிற வீடா பாக்கப் போறேன். கட்டில், மெத்தை, சோபா, மேசை, ஃப்ரிட்ஜ், எல்லாம். நாம பல்லு விளக்குற பிரஷ்ஷை எடுத்துட்டுப் போனா போதும்."

"மெத்தை நல்லா இருக்குமா?"

"மெத்தைன்னு ஒண்ணு இருக்கும்."

அவள் மெத்தையைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. பதினேழு வருஷம் முன்னால், ஒரு தங்கும் விடுதி மூடப்பட்டபோது பாதிவிலையார் அங்கிருந்து ஒரு மெத்தையை வாரிக்கொண்டு வந்தார். வரும்போதே அது ஓய்வு பெற்ற மெத்தை. நடுவில் ஒரு குழி. இருவரும் ஆளுக்கொரு ஓரத்தில் படுப்பார்கள். விடியும்போது இருவரும் குழிக்குள் இருப்பார்கள். "நம்ம குடும்ப ஒத்துமைக்கே இந்த மெத்தைதான் காரணம்" என்பார் பாதிவிலையார். அவள் முதுகுக்கு அந்த ஒற்றுமை ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் எழுந்தால் கேள்விக்குறி மாதிரி நிற்பாள். நிமிர்ந்து ஆச்சரியக்குறி ஆவதற்குக் கால் மணி நேரம் ஆகும். ஒரு நல்ல மெத்தை வாங்கலாம் என்று வருஷத்துக்கு ஒரு முறை கேட்பாள். "இந்த மெத்தைக்கு என்ன குறை? உருண்டு கீழ விழாம இருக்கோம்ல?" என்று வருஷத்துக்கு ஒரு முறை பதில் வரும்.

அந்த வாரமே பழைய சாமான் அத்தனையையும் வேறொரு வியாபாரியின் தலையில் கட்டினார். மெத்தையையும்தான். வாங்கிக்கொண்டு போனவர் அடுத்த தெருமுனையில் அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டுப் போனார் என்று கேள்வி. இனி வீடு பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

தரகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டிக்கொண்டு போனார். பரபரப்பான பேட்டை. கீழே மருந்துக்கடை, சலவைக்கடை, பஸ் நிறுத்தம். மூன்றாம் மாடியில் வீடு. வீட்டுக்காரரான டீச்சரம்மா அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி. பையில் சிவப்புப் பேனா.

"அண்ணே, அப்படியே வந்து உட்கார வேண்டியதுதான்," என்றார் தரகர். "ராஜா வீடு."

பாதிவிலையார் சோபாவைத் தட்டினார். பத்து வீடு தேடினாலும் கிடைக்காத சோபா. ஒரு பெருமூச்சு விட்டார்.

"இது சோபாவா? யாரையாவது பழி வாங்கணும்னா இதுல உட்கார வைக்கலாம்."

தரகர் வாயைப் பிளந்தார். டீச்சரம்மா பிளக்கவில்லை. பையிலிருந்து இரண்டு தாளை எடுத்தார். வீட்டிலிருக்கும் சாமான்களின் பட்டியல். பதினாலு உருப்படி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘நிலை’ என்று ஒரு காலிக் கட்டம்.

"தம்பி, வாயால சொன்னா எனக்கு மார்க் போட வராது. குறை இருந்தா அந்தக் கட்டத்துல எழுதுங்க. எழுதினதுக்குத் தகுந்தாப்ல வாடகையில குறைச்சுக்கலாம்."

பாதிவிலையாருக்குக் காது இனித்தது. குறை எழுதினால் வாடகை குறையும்! இப்படி ஒரு வீட்டுக்காரம்மா உலகத்தில் உண்டா? பேனாவை வாங்கினார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவ்வளவு ஆசையாக அவர் எதையும் எழுதியதில்லை. சோபா: உட்கார்ந்தால் குத்துகிறது. சாப்பாட்டு மேசை: ஆடுகிறது. (ஆடவில்லை. அவர்தான் ஆட்டினார்.) ஃப்ரிட்ஜ்: கத்துகிறது. திரைச்சீலை: நிறம் கண்ணைப் பறிக்கிறது. தொங்கும் விளக்கு: தொங்குகிறது.

"தொங்குற விளக்கு தொங்கத்தானே செய்யும் அண்ணே?"

"யோவ், நீ யாரு பக்கம்?"

அவர் எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி படுக்கையறைக்குள் போனாள். கனமான, அழகான மரக்கட்டில். மேலே ஒரு மெத்தை. கை வைத்துப் பார்த்தாள். மெல்ல ஓரமாகப் படுத்தாள். மூன்று விநாடியில் உருண்டு நடுவுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

குழி.

பழைய வீட்டுக் குழியின் உடன்பிறந்த குழி. பதினேழு வருஷக் குழியிலிருந்து கிளம்பி, சாமானெல்லாம் விற்று, வீடு மாறி, இன்னொரு குழிக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். எழுந்து வாசற்படியில் நின்ற டீச்சரம்மாவைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரர் நல்ல கனம்," என்றார் டீச்சரம்மா, மன்னிப்புக் கேட்கிற குரலில். "அவர் போய் ஆறு வருஷமாச்சு. குழி மட்டும் இருக்கு."

"ஏங்க," என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள் மனைவி. "இந்த மெத்தையும் நடுவுல இறங்கியிருக்கு."

"பிரமாதம்! எழுதிடறேன்!" என்றார் பாதிவிலையார். "வேற ஏதாவது ஒடைஞ்சிருக்கா பாரு!"

மனைவி அந்தக் குழியை இன்னொரு முறை கையால் அழுத்திப் பார்த்தாள். பிறகு, "டீச்சர், சமையல் ரூமைக் காட்டறீங்களா?" என்றாள்.

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. இடையில் டீச்சரம்மா சிரிக்கிற மாதிரியும் கேட்டது. பெண்கள் சமையலறையில் சிரிப்பதை ஆராய்வதற்குப் பாதிவிலையாருக்கு அப்போது நேரமில்லை. ஏனென்றால் அவர் ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அது நாற்காலி இல்லை. மடி. பழுப்புத் தோல் போர்த்தியது. அகலமான கைகள். பக்கத்தில் ஒரு பிடி. அதை இழுத்தால் முதுகு பின்னால் சாயும், கால் பக்கம் தானாக மேலே வரும். அவருடைய முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவும் ஒவ்வொன்றாக, "அப்பாடா" என்று சொல்லிக்கொண்டு கண்ணை மூடியது. நட்டு கழுவிய காலத்திலிருந்து நிமிர்ந்தே இருந்த மனிதர் முதல் முறையாகச் சாய்ந்தார். கண்ணில் லேசாக நீர்கூட வந்தது. கீழே பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்தது, போனது.

கண்ணைத் திறந்தபோது எதிரே மனைவியும் டீச்சரம்மாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் துள்ளி எழுந்தார். முகத்தைக் கோணினார். உருப்படி பதினாலு: நாற்காலி. கட்டம் போதாமல் தாளின் ஓரத்திலும் எழுதினார். ‘உலகத்திலேயே மோசமான நாற்காலி. உட்கார்ந்தால் முதுகு போய்விடும். குடும்பத்தைக் கெடுக்கும். வேஸ்ட்.’

மனைவி டீச்சரம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். டீச்சரம்மா தலையை ஆட்டினார்.

"தம்பி, ‘வேஸ்ட்’னு எழுதக்கூடாது. ‘பயனற்றது’ன்னு எழுதுங்க. எல்லாத்துக்கும் கடைசியில அதையே போட்டுடுங்க, பாக்க அழகா இருக்கும்."

"ஃப்ரிட்ஜுக்கு வேண்டாங்க," என்றாள் மனைவி மெதுவாக. "அடுப்புக்கும் வேண்டாம். பாவம், ஓடுதுல்ல."

"சரி, போனாப் போகுது," என்று அந்த இரண்டுக்கும் மட்டும் உயிர்ப்பிச்சை கொடுத்தார் பாதிவிலையார். மற்ற பன்னிரண்டுக்கும் எதிரே, நாக்கைத் துருத்திக்கொண்டு, பயனற்றது, பயனற்றது என்று குண்டு குண்டாக எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"இந்த லட்சணத்துல வாடகை பாதிதான் தருவேன்."

"சரி," என்றார் டீச்சரம்மா.

பாதிவிலையார் தடுமாறினார். முப்பது வருஷத் தொழிலில் யாரும் முதல் கேள்விக்கே ‘சரி’ சொன்னதில்லை. சண்டை இல்லை, சத்தியம் இல்லை, கதவு வரைக்கும் போய்த் திரும்பி வருவது இல்லை. அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு முறைதான் தட்டை நீட்டினார்.

"பாதிக்கே சரின்னுட்டாளே! கால்வாசிக்குக் கேட்டிருக்கணும்டி!"

"அவங்க டீச்சர். எழுதினதுக்கு மார்க் போட்டிருக்காங்க," என்றாள் மனைவி. "ஒப்பந்தத்தை எங்க ஆபீஸ்லயே போட்டுக்கலாமா? வெளியில டைப்புக்குத் தனியாக் கேப்பாங்க."

"அடிச்சது லாபம்! நீயே அடிச்சுடு."

நான்கு பக்க ஒப்பந்தம். வக்கீலின் மேசை முன்னால் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பாதிவிலையார் விரலை வைத்து எண்களை மட்டும் பார்த்தார். வாடகை சரி. முன்பணம் சரி. மாதம் பதினொன்று, சரி. எண்களுக்கு நடுவே எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்துகள் ஊர்ந்தன. அவற்றை அவர் சட்டை செய்வதில்லை.

"முழுசாப் படிச்சுட்டீங்களா?" என்று வக்கீல் கேட்டார்.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க! அடிச்சது என் வீட்டுக்காரி. அதுல நான் என்னத்தைப் படிக்கிறது?"

வக்கீல் ஏதோ சொல்ல வந்தார். எதிரே தன் டைப்பிஸ்ட் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். வக்கீல் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு முத்திரையைக் குத்தினார்.

பத்தொன்பது நாள். பாதிவிலையாரின் வாழ்க்கையிலேயே அந்தப் பத்தொன்பது நாள்தான் பொற்காலம். கடையிலிருந்து வந்ததும் நேரே ஜன்னலோரம். பிடியை இழுப்பார். கால் மேலே வரும். "சே, என்ன நாற்காலி இது, உருப்படாத நாற்காலி!" என்று கொஞ்சிக்கொண்டே கண்ணை மூடுவார். அவர் அப்படி யாரையும் கொஞ்சி மனைவி பார்த்ததில்லை. உள்ளே அவள் குழியிலிருந்து முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவாள்.

"ஏங்க, மெத்தை மட்டுமாவது..."

"சாமானோட வீடு பிடிச்சதே சாமான் வாங்கக் கூடாதுன்னுதான். அந்தப் பேச்சே வேண்டாம்."

"சரிங்க," என்றாள் அவள். சுவரில் இருந்த நாள்காட்டியை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

இருபதாம் நாள் காலை அழைப்புமணி அடித்தது. டீச்சரம்மா. பின்னால் கயிறும் சாக்கும் தோளில் போட்ட நான்கு சுமைதூக்கிகள்.

"சோபாவுல ஆரம்பிங்க," என்றார் டீச்சரம்மா.

"ஏய்! ஏய்! யாரும்மா இவங்க? என் சோபாவை எங்கே தூக்கறாங்க?"

"உங்க சோபா இல்ல தம்பி. என் சோபா. பயனற்ற சோபா." அவர் ஒப்பந்தத்தைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, வகுப்பறைக் குரலில் படித்தார். "‘பட்டியலில் பயனற்றது என வாடகைதாரர் தம் கைப்பட எழுதியுள்ள சாமான்களை உரிமையாளர் இருபதாம் நாள் எடுத்துச் செல்வார். அவற்றுக்குப் பதிலாக வேண்டியதை வாடகைதாரர் தம் செலவில், கடையில் புதிதாக, ரசீதோடு வாங்கிக்கொள்வார். மூட்டைப்பூச்சி வரும் என்பதால் பழைய சாமான் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது.’ மூணாம் பக்கம், ஒன்பதாவது வரி."

"புதுசா? ரசீதோடவா?" பாதிவிலையாரின் குரல் கீச்சென்று போனது. "நான் சும்மா பேரத்துக்கு எழுதினேம்மா! சோபா நல்ல சோபா!"

"அப்போ வாடகையும் நல்ல வாடகையா இருக்கணுமே?"

அவர் சோபாவின் வழியை விட்டு விலகினார். கிடைத்த பாதி விலையைத் திருப்பிக் கொடுப்பதா? உயிர் போனாலும் அந்த வேலை நடக்காது. டீச்சரம்மா தொடர்ந்தார். "என் பொண்ணு புது வீடு கட்டியிருக்கா. அந்தக் கட்டில், சோபா, மேசை எல்லாம் வேணும்னு உசிரை எடுத்தா. சாமானோட வாடகைக்குன்னு விளம்பரம் போட்டாச்சேடின்னு சொல்லிட்டு இருந்தேன். நல்லவேளை, நீங்க வந்து எல்லாத்தையும் பயனற்றதுன்னுட்டீங்க."

பாதிவிலையார் மனைவி பக்கம் திரும்பினார்.

"நீதானே அடிச்சே? இப்படி ஒரு வரி இருக்குன்னு சொல்ல வேண்டாமா?"

"நான் பேசவே கூடாதுன்னு நீங்கதானே விதி போட்டிருக்கீங்க?" என்றாள் அவள். "ரெண்டு பேர் ஒத்துக்கிட்டதை அடிக்கிறதுதான் என் வேலை."

"ரெண்டு பேரா? நான் எங்கே ஒத்துக்கிட்டேன்?"

"கையெழுத்து உங்களுதுதானுங்களே?"

அதற்குள் சுமைதூக்கிகள் ஜன்னலோரத்துக்குப் போய்விட்டார்கள். பாதிவிலையார் ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான்கு பேரும் டீச்சரம்மாவைப் பார்த்தார்கள்.

"தம்பி, உலகத்திலேயே மோசமான நாற்காலி. முதுகு போயிடும். எழுந்திருங்க."

எழுந்தார். நாற்காலி படியிறங்கிப் போனதை மாடிப்படி வளைவு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அது மகள் வீட்டுக்குப் போகவில்லை. கீழ்த்தளத்தில் டீச்சரம்மாவின் கூடத்துக்குள் போனது.

வீட்டில் ஃப்ரிட்ஜும் அடுப்பும் இரண்டு மனிதர்களும் மிச்சம். தரகரைக் கூப்பிட்டுக் கத்தினார். தரகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, இதே பேட்டையில சாமான் இல்லாத வெறும் வீட்டுக்கு என்ன வாடகை தெரியுமா? நீங்க கொடுக்கறீங்களே, அதேதான்" என்றார்.

பிறகு மெத்தைக்கடை. பளிங்குத் தரை, கண்ணாடிக் கதவு. ஒவ்வொரு மெத்தையின் மேலும் விலைச் சீட்டு. பாதிவிலையார் பழைய பலத்தையெல்லாம் திரட்டி, கைக்குக் கிடைத்த முதல் மெத்தையைக் குத்தினார்.

"என்னய்யா இது மெத்தை? இதுல நாய் படுக்குமா?"

விற்பனைப் பெண் முகம் மலர்ந்தது. "கரெக்ட் சார்! நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. அது வேண்டாம், இதைப் பாருங்க." அடுத்தது ஒன்றரை மடங்கு விலை.

"இதுவும் தேறாது! குப்பை!"

"உங்களுக்கு நல்ல ரசனை சார். அப்போ இதுதான் உங்களுக்குச் சரி." அது மூன்று மடங்கு.

நான்காவதைத் திட்ட அவர் வாயைத் திறந்தபோது, மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

"போதுங்க. இன்னும் ஒண்ணைத் திட்டினீங்கன்னா கடையையே எழுதி வாங்க வேண்டியதா போயிடும்." மூன்றாவது மெத்தையில் அவள் சாய்ந்தாள். உருளவில்லை. இடது ஓரத்தில் படுத்தவள் இடது ஓரத்திலேயே இருந்தாள். "இதுவே இருக்கட்டும்."

பாதிவிலையாரின் வாழ்க்கையில் முதல் ரசீது. முழு விலை. அதை மடித்துப் பைக்குள் வைக்கும்போது, தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். கட்டிலும் ஒரு சின்ன மேசையும் அதே கடையிலிருந்து, அதே அவமானத்தோடு வந்தன.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது நாற்காலி. தினமும் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் டீச்சரம்மாவின் கதவு திறந்திருக்கும். உள்ளே அவர் சாய்ந்து, காலை நீட்டி, செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். "கடைக்கா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே பிடியை இன்னும் ஒரு அங்குலம் இழுப்பார். பாதிவிலையாரின் முதுகு தானாகச் சிலிர்க்கும்.

பத்து நாள் பொறுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழே இறங்கிப் போய்க் கதவருகே நின்றார்.

"டீச்சரம்மா, அந்த நாற்காலியை மட்டும்..."

"அது பயனற்றதுல்ல?"

"தப்பா எழுதிட்டேம்மா."

"தப்பா எழுதினா என்ன செய்யணும்? திருத்தி எழுதணும்." ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வந்தன. "அந்த நாற்காலியோட நிறையெல்லாம் எழுதுங்க. உண்மையா எழுதணும். பக்கம் நிறையணும்."

முதல் ஐந்து வரிக்கே அரை மணி நேரம் ஆனது. வாழ்நாளில் ஒரு பொருளையும் புகழ்ந்ததில்லையே! திட்டுவதற்கு வார்த்தை மழையாகக் கொட்டும். புகழ்வதற்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஆனால் ஒரு தடவை தொடங்கிய பிறகு நிற்கவில்லை. தோலின் மென்மையை எழுதினார். கைப்பிடியின் அகலத்தை எழுதினார். சாயும்போது கேட்கும் அந்தச் சின்ன ‘க்ளக்’ சத்தத்தை எழுதினார். ‘என் கஷ்டமெல்லாம் தெரிந்த ஒருவர் பின்னால் இருந்து தாங்குகிற மாதிரி இருக்கும்’ என்று எழுதிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

டீச்சரம்மா கண்ணாடியைச் சரிசெய்து, முழுவதையும் படித்தார். சிவப்புப் பேனாவால் இரண்டு ஒற்றெழுத்துகளைச் சேர்த்தார். பத்துக்குப் பத்து போட்டார். கீழே ‘மிக நன்று’.

"அப்போ நாற்காலி...?"

"இவ்வளவு அருமையான நாற்காலியா இது! எனக்கே தெரியாம இருந்துச்சே. இதைப் போய் யாராவது கொடுப்பாங்களா தம்பி?" அவர் தாளை மடித்து நாற்காலியின் பக்கப்பையில் வைத்துக்கொண்டார். "பதினாலுல எதை நீங்க ரொம்பத் திட்டறீங்களோ, அதுதான் உங்களுக்கு உசிருன்னு எனக்கு முதல் நாளே தெரியும். அதனாலதான் இதை மட்டும் பொண்ணுக்குக்கூடக் கொடுக்கல."

அது பாதிவிலையாருடைய தொழில் ரகசியம். சந்தையில் ஒருவருக்கும் தெரியாது. கடையில் ஒருவருக்கும் தெரியாது.

"யாரு? யாரு உங்களுக்குச் சொன்னது?"

"எனக்குப் பாடம் எடுத்தவங்க பேரை வெளியில சொன்னா மரியாதையா இருக்காது தம்பி," என்று சொல்லிவிட்டு டீச்சரம்மா பிடியை இழுத்தார். க்ளக்.

மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினார். கதவைத் தள்ளினார். ஜன்னலோரம் காலியாக இருந்தது. படுக்கையறையில் புதுக் கட்டில், புது மெத்தை. இடது ஓரத்தில் மனைவி மல்லாந்து, கோடு போட்ட மாதிரி நேராகப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

"யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்கடி!" என்று முழங்கினார். "நான் எதைத் திட்டுவேன், ஏன் திட்டுவேன், எல்லாம் தெரிஞ்ச ஆளு! கூடவே இருந்து பாத்த மாதிரி சொல்லிக் கொடுத்திருக்காங்க! ஒப்பந்தத்துல வரி சேத்ததும் அந்த ஆளுதான். மூட்டைப்பூச்சியைச் சேத்ததும் அந்த ஆளுதான்!"

"அப்படியா?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"நீ உங்க ஆபீஸ்ல விசாரி. இந்தக் கட்டடம் பூரா விசாரி. எங்கே ஒளிஞ்சிருந்தாலும் அந்த ஆளைக் கண்டுபிடி. கண்டுபிடிச்சு, நான் சொன்னேன்னு சொல்லு. செஞ்ச அநியாயத்தை நீயே சரி பண்ணு, அந்த நாற்காலியைக் கொண்டு வந்து ஜன்னலோரத்துல போடு, இன்னிக்கே போடு, இப்பவே போடுன்னு சொல்லு!"

"கண்டிப்பா சொல்றேங்க," என்றாள் மனைவி, போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு. "ஆனா அந்த ஆளு பதினேழு வருஷத்துக்கப்புறம் இப்பதான் முதுகை நீட்டிப் படுத்திருக்கா. தூங்கி எழுந்ததும் சொல்றேன்."